பூக்க விரும்பும் மரங்கள் மாநாட்டு மண்டபத்துக்கு வரவும்

பருவநிலை மாறுகிறது, நம் மண்ணின் மரங்கள் அதற்கு எப்படித் தம்மைப் பழக்கிக்கொள்ளப் போகின்றன என்று ஈப்போவில் அவ்வப்போது கூட்டம் போட்டுப் பேசுகிறார்கள். எந்த ஓட்டல், எந்தத் தேதி என்று கேட்காதீர்கள். எல்லாக் கூட்டமும் ஒரே கூட்டம்தான். வாசலில் பதிவு மேசை, துணிப்பை, அதற்குள் ஒரு பேனா, ஒரு குறிப்பேடு. ஒய்.பி. வரும்வரை காத்திருப்பு. வந்ததும் நாட்டுப் பண், மாநிலப் பண், வரவேற்புரை, வரவேற்புரைக்கு ஒரு நன்றியுரை. திரையில் முதலில் வருவது உருகும் பனிப்பாறைமேல் நிற்கும் வெள்ளைக் கரடி. நம் பெலும் காட்டிலேயே ஒரு கரடி இருக்கிறதே, அதைக் காட்டினால் என்ன என்று யாரும் கேட்பதில்லை. அதற்குள் தேநீர் இடைவேளை வந்துவிடும். கறிபாப், குவே லாப்பிஸ், இன்னொரு தட்டு. பிற்பகலில் ஒருவர் எழுந்து, "நம் மரங்கள் மீள்திறன் மிக்கவை, அவை தகவமைத்துக்கொள்ளும்" என்று முடித்துவைப்பார். கைதட்டல். குழுப்படம். எல்லோரும் கட்டைவிரலை உயர்த்துவார்கள்.

மண்டபத்தின் ஏர்கான் பதினெட்டு டிகிரியில் நிற்கும். டத்தின்மார் சால்வையை இழுத்து மூடிக்கொள்வார்கள். இந்தக் கூட்டங்களில் எல்லாவற்றையும் திட்டலாம். அந்தக் குளிரை மட்டும் நான் திட்டமாட்டேன். அங்கே இருக்கிற பொருள்களில் மரங்களுக்கு உண்மையாகவே தேவைப்படுவது அது ஒன்றுதான்.

மெராந்தி, கெருயிங், பாலாவ், காப்பூர் என்று நம் காட்டின் பெருமரங்கள் பெரும்பாலும் டிப்டெரோகார்ப் குடும்பத்தைச் சேர்ந்தவை. ஆண்டு தவறாமல் பூக்கிற வழக்கம் இவற்றுக்குக் கிடையாது. இரண்டாண்டும் ஆகலாம், பத்தாண்டும் ஆகலாம். பூத்தால் பல இனங்கள் அடுத்தடுத்து, காடு கொள்ளாமல் பூக்கும். எல்லாம் ஒரே சமயத்தில் காய்த்துக் கொட்டினால் காட்டுப்பன்றியும் அணிலும் எவ்வளவுதான் தின்னும்? தின்றது போக மிச்சம் முளைக்கும். இத்தனை மரங்களும் பேசிவைத்ததுபோல் பூப்பது எப்படி என்று 1988-ல் மூவர் ஒரு கட்டுரை எழுதினார்கள்: பீட்டர் ஆஷ்டன், தாமஸ் கிவ்னிஷ், நம் நாட்டு வனவியலாளர் எஸ். அப்பனா. இரவின் குறைந்தபட்ச வெப்பநிலை வழக்கத்தைவிட ஏறத்தாழ இரண்டு டிகிரி, மூன்று இரவோ அதற்கு மேலோ இறங்க வேண்டும். அதுதான் பூக்கச் சொல்லும் சாடை என்றார்கள். பின்னால் வந்தவர்கள் அதோடு வறட்சியையும் சேர்த்தார்கள். மழை விட்டு, வானம் துலங்கி, இரவு சில்லென்று போகும் நாள்கள். எல் நினோ காலத்தில் இது கூடிவரும். இதே அப்பனா 1981-ல் எச்.டி. சானோடு சேர்ந்து, சில மெராந்திப் பூக்களில் மகரந்தம் சுமக்கிற கூலி யார் என்று கண்டுபிடித்தார்: கண்ணுக்குச் சரியாகத் தெரியாத இலைப்பேன். நூற்றைம்பது அடி மரத்தின் வம்சம் ஒரு பேனை நம்பி நிற்கிறது. ஈப்போவில் எத்தனை பேருக்கு அப்பனா பெயர் தெரியும்? நடிகர் சங்கத் தேர்தலில் யார் ஜெயித்தார்கள் என்று கேளுங்கள், தெரியும்.

வெப்பம் ஏறும் உலகில் பகல் வெயிலைப் பற்றித்தான் எல்லோரும் புலம்புகிறார்கள். ராத்திரி ஏறும் சூட்டை யாரும் கண்டுகொள்வதில்லை, ஏனென்றால் ராத்திரி நாம் ஏர்கான் போட்டுக்கொள்கிறோம். காட்டில் ஏர்கான் இல்லை. குளிர்ந்த இரவுகள் அருகினால் அந்தக் கூட்டுப் பூப்பும் அருகும் என்று ஆய்வாளர்கள் கணக்குப் போட்டிருக்கிறார்கள். மரம் சாகாது. பச்சையாக, கம்பீரமாக நிற்கும். சுற்றுலாக் கழகம் படமெடுத்துப் போடும். பூக்காது, அவ்வளவுதான்.

ஆகவே மாநில அரசுக்கு என் தாழ்மையான யோசனை. கிந்தா பள்ளத்தாக்கில் மூன்று இரவு தொடர்ந்து குளிர்ச்சி உத்தரவாதமாகக் கிடைக்கிற ஒரே இடம் நீங்கள் கூட்டம் போடும் மண்டபம். மெராந்திகளை அங்கே அழையுங்கள். பதிவுக் கட்டணம் வேண்டாம். மேசை விரிப்பின் நிறத்துக்குப் பொருத்தமாக அவை பூக்கும். இலைப்பேன்களுக்குத் தனிப் பேருந்து ஏற்பாடு செய்யலாம், டெண்டர் விடலாம், டெண்டரை யாருக்குக் கொடுப்பது என்பதில் உங்களுக்கு அனுபவம் உண்டு.

மரங்கள் இடம் பெயர்ந்து போய்விடும் என்றும் ஒருவர் சொல்வார். சூடு ஏறினால் மலைமேல் ஏறிக்கொள்ளுமாம். போகலாம். கணக்கு மட்டும் பார்த்துவிடுவோம். டிப்டெரோகார்ப் காய்க்கு இறக்கை இருக்கிறது, பேருக்குத்தான். சுழன்று சுழன்று பெரும்பாலும் தாய்மரத்திலிருந்து சில பத்து மீட்டருக்குள் விழும். விழுந்த விதை காத்திருக்காது. சில நாளில், மிஞ்சினால் சில வாரத்தில் முளைத்தாக வேண்டும். காயவைத்து, குளிரூட்டி, விதை வங்கியில் பூட்டிவைக்க முடியாத இனம். முளைத்தது முதன்முதலாகப் பூக்க முப்பது நாற்பது வருடம். தாராளமாக, தலைமுறைக்கு ஐம்பது மீட்டர், தலைமுறை நாற்பது வருடம் என்று வைத்துக்கொள்வோம். ஈப்போவிலிருந்து கேமரன் மலைக்குக் காகம் பறக்கும் வழியில் முப்பது கிலோமீட்டர் என்றால், மெராந்தி போய்ச்சேர 24,000 ஆண்டு ஆகும். வழியில் நெடுஞ்சாலை, கல்லுடைப்பு, செம்பனை, தாமான், இன்னொரு தாமான், ஓர் ஆட்டோ சிட்டி. சிம்பாங் பூலாய் வழியாக நீங்கள் காரில் போய் ஸ்ட்ராபெரி தின்றுவிட்டு அன்றைக்கே திரும்பிவிடுகிறீர்கள். மரத்திடம் "கொஞ்சம் சுறுசுறுப்பாக இரு" என்று சொல்லும் வாய் அதனால்தான் வருகிறது. ஏற்கெனவே மலைமேல் இருப்பவை கதை வேறு. கோர்பு சிகரம் 2,183 மீட்டர். அதற்கு மேலே காடு இல்லை, ஆகாயம்.

சரி, பரீட்சை கடினம்தான். ஆனால் எழுதவிட்டால் நன்றாகத் தேறக்கூடியவை நம்மிடம் இருந்தன. கோபம் வருவது இங்கேதான்.

ஈப்போவைச் சுற்றி நிற்கும் சுண்ணாம்புக் குன்றுகளைப் பாருங்கள். மண் இல்லாத பாறை. மழை விழுந்த வேகத்தில் வெடிப்புகளுக்குள் வடிந்துவிடும். மத்தியான வெயிலில் கல் கொதிக்கும். அந்த வெடிப்பில் வேரை நுழைத்து, சூட்டையும் வறட்சியையும் தலைமுறை தலைமுறையாகத் தாங்கிப் பழகிய செடிகொடிகளும் மரங்களும் அங்கே இருக்கின்றன. வேறெங்கும் இல்லாதவையும் இருக்கின்றன. செம்மோர் பக்கத்தில் காந்தான் மலை. அந்த மலையின் பெயரையே தாங்கிய டிப்டெரோகார்ப் மரம் ஒன்று உண்டு, வாத்திக்கா காந்தானென்சிஸ். மிக மிக அருகிவிட்ட இனங்களின் பட்டியலில் இருக்கிறது. மலையோ சிமெண்டு ஆலையின் வாசலில் இருக்கிறது. இருபது வருடத்தில் வரப்போகும் வெயிலுக்குத் தயாராக நிற்பவனை இன்றைக்கே வெடிவைத்து, அரைத்து, மூட்டை கட்டி, அந்தச் சிமெண்டில் வீடு கட்டி, வீட்டுக்குள் சூடு தாங்கவில்லை என்று ஏர்கான் மாட்டுகிறோம்.

அதே காந்தானில் 2014-ல் அறிவியலாளர்கள் ஒரு குட்டி நத்தையை விவரித்தார்கள். அது வாழும் இடம் கல்லுடைப்பு நிறுவனத்தின் கையில் இருந்ததால், அதற்கு நிறுவனத்தின் பெயரையே வைத்தார்கள்: சரோப்பா லஃபார்ஜியை. பெயரைச் சூட்டினாலாவது காப்பாற்றுவார்கள் என்ற நம்பிக்கை. கெஞ்சிக் கும்பிட வேறு வழி தெரியாத விஞ்ஞானத்தை நான் கேலி செய்யமாட்டேன். பிறகு 2019-ல் நிறுவனம் கைமாறிப் பெயரும் மாறிவிட்டது. நத்தைக்கு மட்டும் பழைய முதலாளியின் பெயர் ஒட்டிக்கொண்டது. தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இது புதிதில்லை. துரை விற்றுவிட்டு ஸ்காட்லாந்து போய்ச் செத்து மூன்று தலைமுறை ஆனபிறகும் நாம் அந்தத் துரை பெயர் கொண்ட தோட்டத்துப் பிள்ளைகள்தானே.

இப்போது தெற்கே போவோம். சுங்காய் பக்கம், பீக்காம் நிரந்தர ஒதுக்கக் காடு, ஏறத்தாழ 400 ஹெக்டர். தாழ்நிலச் சதுப்பு. அங்கே கெருயிங் பாயா என்ற மரம் நின்றது, தாவரவியல் பெயர் டிப்டெரோகார்ப்பஸ் கொரியேசியஸ். காலை நனைத்துக்கொண்டே வாழத் தெரிந்த மரம். வெள்ளம் அதிகமாகும் காலத்தில், வேரில் தண்ணீர் நின்றால் அழுகிப்போகும் மரங்களுக்கு நடுவே இது ஒரு சொத்து என்று சிறுபிள்ளைக்கும் தோன்றும். 2013 ஜூலையில் அந்தக் காடு அரசிதழிலிருந்து நீக்கப்பட்டது. செம்பனைக்கு. அதே ஆண்டு வனவியலாளர்கள் அறிவித்தார்கள்: தீபகற்ப மலேசியாவில் கெருயிங் பாயா அற்றுப்போய்விட்டது. போர்னியோவிலும் சுமத்ராவிலும் இருக்கிறது என்பது ஆறுதல் சொல்பவர்களுக்கு உதவும்.

எல் நினோ கொன்றதா? இல்லை. வெள்ளமா, பூச்சியா, புது நோயா? இல்லை. ஒரு காகிதம். யாரோ தட்டச்சு செய்து, யாரோ இனிஷியல் போட்டு, யாரோ கையெழுத்திட்டு, முத்திரை குத்திய காகிதம். மரத்தின் லத்தீன் பெயர் நமக்குத் தெரியும். அதன் பூ, காய், இலைக்காம்பின் நீளம் எல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. அந்தப் பேனாவைப் பிடித்த விரல்களின் விவரம் எந்தத் தாவரவியல் புத்தகத்தில் இருக்கிறது?

சட்டப்படிதான் செய்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1984-ஆம் ஆண்டு தேசிய வனச் சட்டத்தின் 11-ஆம் பிரிவு, அந்த நிலத்துக்கு இப்போதிருப்பதைவிட உயர்ந்த பொருளாதாரப் பயன் உண்டென்று மாநில அதிகாரம் கருதினால் நீக்கலாம் என்றது. செம்பனை ஒரு டன் பழக்குலைக்கு விலை உண்டு. கெருயிங் பாயாவின் நிழலுக்கு ரசீது கிடையாது. எனவே பயன் உயர்ந்ததுதான். 12-ஆம் பிரிவு, நீக்கிய அளவுக்கு வேறு நிலத்தை ஒதுக்கக் காடாக்க வேண்டும் என்றது, இயன்றால், நாட்டு நலனுக்கு உகந்தது என்று அவர்களுக்கே தோன்றினால். இயன்றால்! உங்கள் சம்பளத்தை முதலாளி இயன்றால் கொடுக்கட்டுமே, பார்ப்போம்.

அந்த மரம் சாவதற்கு முன் நில அலுவலகக் கவுண்டருக்கு வந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன்.

"பெரியவரே, நம்பர் எடுத்தீங்களா?"

"எடுத்தேன் தம்பி. நான் நிக்கிற எடத்த வித்துட்டாங்களாம்."

"கிராண்ட் இருக்கா?"

"இல்ல."

"டி.ஓ.எல். லைசென்ஸ்?"

"இல்ல தம்பி. பிரிட்டிஷ்காரன் வர்றதுக்கு முன்னாடியே அங்கதான் நிக்கிறேன்."

"அதெல்லாம் எல்லாரும் சொல்றதுதான். ஐ.சி. குடுங்க. சிவப்பா, நீலமா?"

"பச்சை."

"பச்சை ஐ.சி. டெம்பரரிக்காரங்களுக்கு. அந்தப் பக்கம் போய் நில்லுங்க. சாப்பாட்டு நேரம் ஆயிடுச்சு, ரெண்டேகாலுக்கு வாங்க."

இந்த உரையாடலில் நான் இட்டுக்கட்டியது மரத்தை மட்டும்தான். மற்றதெல்லாம் நம் ஆட்கள் பேராக் முழுக்க எந்தக் கவுண்டரிலும் கேட்டிருக்கிறார்கள். தகவமைத்துக்கொள் என்ற உபதேசம் நமக்குப் பழசு. கங்காணி கூட்டிவந்து காட்டில் இறக்கியபோது மலேரியாவுக்குத் தகவமைத்துக்கொள்ளச் சொன்னார்கள். தகவமையாதவர்கள் பால்மரத்துக்கு எருவானார்கள். தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோது துண்டுகளுக்குத் தகவமைத்துக்கொள்ளச் சொன்னார்கள். 1969-ஐ ஒட்டி, குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் சட்டம் வந்தபோது ஆயிரமாயிரம் பேர் ரஜுலா கப்பலேறி, பிறக்காத ஊருக்குத் தகவமைத்துக்கொள்ளப் போனார்கள். பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, லயம் போய் தாமான் வந்தது, லயத்துக்காரனுக்குத் தாமானில் வீடு வந்ததா என்று கேட்டால் கோப்பைத் தேடுகிறார்கள். இங்கேயே பிறந்து இங்கேயே கிழமாகி இன்னும் சிவப்பு அடையாள அட்டை வைத்திருக்கும் பாட்டியிடம் போய், "நீங்கள் மீள்திறன் மிக்கவர்" என்று சொல்லிப் பாருங்கள். பாட்டியின் கையில் விளக்குமாறு இல்லாத நேரமாகப் பார்த்துச் சொல்லுங்கள்.

நமக்காவது ஒரு வழி கண்டவர் இருந்தார். சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் சம்பந்தன் 1960-ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, வெட்டுத் தொழிலாளியிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டங்களை வாங்கினார். காலடி நிலம் விற்பனைக்கு வந்தால் நாமே வாங்கிவிடுவது. தகவமைப்பு என்றால் அதுதான் தகவமைப்பு. மெராந்திக்கு வங்கிக் கணக்கு கிடையாது.

ஆனால் எல்லா மரத்துக்கும் இந்தக் கதி என்று நினைத்துவிடாதீர்கள். வந்தேறி மரங்களுக்கு ராஜமரியாதை. 1876-ல் ஹென்றி விக்ஹம் அமேசான் கரையிலிருந்து 70,000 ரப்பர் விதைகளை லண்டனுக்குக் கொண்டுபோனார். மறு வருடம் அவற்றின் வழியில் வந்த கன்றுகளில் ஒன்பது கோல கங்சாரில், பிரிட்டிஷ் ரெசிடெண்ட் ஹியூ லோவின் தோட்டத்தில் நடப்பட்டன. அவற்றில் மிஞ்சிய ஒன்று இன்றும் நிற்கிறது. வேலி உண்டு, பலகை உண்டு, பயணிகள் படமெடுத்துக்கொள்கிறார்கள். எங்கே நிற்கிறது தெரியுமா? நில அலுவலகத்தின் வாசலில். காட்டுக் கோப்புகள் போய்வருகிற வாசலில் பிரேசில்காரர் பத்திரமாக நிற்கிறார். உள்ளூர்க்காரர் கோப்புக்குள் சாகிறார். பால்மரத்தின்மேல் எனக்குக் கோபமில்லை. நம் பாட்டன் பூட்டனுக்குச் சோறு போட்டது, முதுகையும் ஒடித்தது, இரண்டும் அதுதான். அந்தப் பலகையில், அந்த ஒன்பதை லட்சோபலட்சமாக்கியவர்கள் யார் என்று ஒரு வரி இருந்தால் தேவலை.

தைப்பிங் ஏரிப் பூங்காவுக்குப் போனால், 1880-களில் நட்ட தூங்குமூஞ்சி மரங்கள் தண்ணீர்மேல் கையை நீட்டிப் படுத்திருக்கும். அழகுதான், மறுக்கவில்லை. தென்னமெரிக்கா. நகராண்மைகள் சாலையோரம் நடுகிற தெக்கோமா கொஞ்சம் வறண்ட நாளுக்குப் பிறகு இளஞ்சிவப்பாகப் பூத்தால் 'மலேசிய சக்குரா' என்று செல்பி எடுக்கக் கூட்டம் கூடும். அதுவும் தென்னமெரிக்கா. பெயர் ஜப்பான். எப்போதோ ஒருமுறை பூக்கும் மெராந்தி பூத்து உதிர்ந்த விஷயம் பன்றிக்குத்தான் முதலில் தெரிகிறது.

ஈப்போவுக்கே பேர் கொடுத்த மரம் ஒன்று உண்டல்லவா? ரயில் நிலையத்தின் முன்னால் ஒன்று நிற்கிறது. அந்தியாரிஸ் டாக்சிக்காரியா. அதன் பால் விஷம். ஓராங் அஸ்லிகள் ஊதுகுழல் அம்பில் தடவுவார்கள், இதயம் நின்றுபோகும். ஆப்பிரிக்காவிலிருந்து பசிபிக் தீவுகள்வரை பரவிய மரம் அது. நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இருக்கிறது. பட்டையை உரித்து மரவுரி செய்தார்கள். வறண்ட நாட்டில் இலையை உதிர்த்துச் சமாளிக்கும், ஈரமான நாட்டில் பச்சையாகவே நிற்கும். தகவமைப்பில் முதுகலைப் பட்டம் வாங்கிய மரம். நகரம் அதன் பெயரை எடுத்துக்கொண்டு, அதற்கு நிலையத்தின் முன் கொஞ்சம் இடம் கொடுத்திருக்கிறது. அந்த மரத்தின் விஷத்தை அளவாக எடுக்கத் தெரிந்தவர்களுக்கு அவ்வளவும் கிடைக்கவில்லை. 2019-ல் கிரிக் பக்கம் தெமியார் ஓராங் அஸ்லி மக்கள் பாலாக் லாரிகளை மறித்துத் தடுப்புக் கட்டினார்கள். அதிகாரிகள் வந்து பிரித்துப் போட்டார்கள். காட்டை வெட்டுகிறவனுக்கு லைசென்ஸ் இருந்தது. காட்டில் இருக்கிறவனுக்கு இல்லை.

இத்தனைக்கும் நம்மிடம் காடு குறையவேயில்லையாம். 1992-ல் ரியோ உச்சி மாநாட்டில், நாட்டின் பாதி நிலப்பரப்பைக் காடாகவே வைத்திருப்போம் என்று மலேசியா வாக்குக் கொடுத்தது. அந்த வாக்கு காப்பாற்றப்பட்டுவருகிறது. எப்படி என்று கேட்டால் ரசிப்பீர்கள். ஐ.நா. உணவு, வேளாண்மை அமைப்பின் கணக்கில் ரப்பர்த் தோட்டம் காடு. செம்பனைத் தோட்டம் காடில்லை. அதாவது என் தாத்தா ஐம்பது வருடம் மங்கு கட்டிப் பால் வெட்டியது தோட்டத்தில் இல்லை, வனத்தில்! விடியற்காலைப் பெரட்டுக்கு நின்றவர்களெல்லாம் வனவாசிகள். தெரிந்திருந்தால் ஆயாக்கொட்டகைக்குத் தபோவனம் என்று பெயர் வைத்திருப்போம். இன்னொரு வித்தை இருக்கிறது. ஒதுக்கக் காட்டை மொட்டையடித்துவிட்டு, கட்டையும் பாலும் தரும் ரப்பர் ரகத்தையோ அகேசியாவையோ வரிசை பிடித்து நட்டால் அதற்குப் பெயர் லாடாங் ஹுத்தான், வனத்தோட்டம். ஏட்டில் ஓர் அங்குலம் குறையாது. காடு தகவமைத்துக்கொண்டதோ இல்லையோ, ஏடு தகவமைத்துக்கொண்டது.

மரம் நடுகிறோமே என்பார்கள். 2021-ல் பத்துக் கோடி மரம் நடும் இயக்கம் தொடங்கினார்கள். நடட்டும், நல்லதுதான். நான் பார்த்தவரை விழாவில் குழி முன்கூட்டியே தோண்டியிருக்கும், மண் சலித்திருக்கும், மண்வெட்டிக்கு ரிப்பன் கட்டியிருக்கும். டான் ஸ்ரீ ஒரு பிடி மண் போட்டதும் கைகழுவப் பன்னீர் வரும். மறு வாரம் அந்தக் கன்றுக்குத் தண்ணீர் ஊற்றியது யார் என்று எந்த அறிக்கையும் சொல்வதில்லை. நூறு வருட மரத்தை ஒரு கையெழுத்தில் வீழ்த்திவிட்டு ஒரு முழக் கன்றை எண்ணிக்கையில் சேர்க்கிற இந்தக் கணக்கை நம் தோட்டத்துக் கிராணி போட்டிருந்தால் துரை அன்றைக்கே சீட்டைக் கிழித்திருப்பார்.

ஒரு மாற்றமும் இல்லை என்று சொன்னால் பொய்யாகும். 2022-ல் வனச் சட்டத்தைத் திருத்தினார்கள். இனி ஒதுக்கக் காட்டை நீக்குமுன் பொது விசாரணை நடத்த வேண்டும், பதிலுக்கு நிலமும் கொடுக்க வேண்டும். நல்ல திருத்தம், ஒன்பது வருடம் முன்னால் வந்திருந்தால் பீக்காமுக்கு ஒரு வாய் கிடைத்திருக்கும். நிலமும் காடும் மாநிலத்தின் அதிகாரம் என்பதால் ஒவ்வொரு மாநிலமும் ஏற்றுக்கொண்டால்தான் அது அங்கே நடப்புக்கு வரும். அப்படியே வந்தாலும், பொது விசாரணைக்கு யார் போகிறோம்? அறிவிப்பு எந்தப் பத்திரிகையின் எந்த மூலையில் வரும் என்று பார்க்க வேண்டும், வேலைக்கு லீவு போட வேண்டும், மலாயில் எழுதிக் கொடுக்க வேண்டும். கோயில் நிர்வாகச் சண்டைக்கு நான்கு பஸ் பிடித்துப் போகத் தெரிந்த நமக்கு இது முடியாத காரியமில்லை. இந்தத் திட்டு நமக்குத்தான். சர்க்காரை மட்டும் திட்டிக்கொண்டிருந்தால் எனக்கே அலுத்துவிடுகிறது.

அந்த விசாரணைக்குப் போகிறவர்கள் ஒரு கேள்வியை மட்டும் விடாமல் கேட்க வேண்டும். நீக்கப்போகும் நிலத்தில் என்னென்ன மரம் நிற்கிறது, அதில் எது வேறெங்கும் இல்லை? பதில் தெரியவில்லை என்றால் கோப்பை மூடிவைத்துவிட்டு ஒரு தாவரவியலாளரை அனுப்புங்கள். பதில் தெரிந்தும் நீக்குவதென்றால், இன்ன மரம் இத்தோடு தீர்ந்தது என்று அரசிதழில் மரத்தின் பெயரையும் அதற்குக் கீழே ஒப்பமிட்டவர் பெயரையும் ஒரே அளவு எழுத்தில் அச்சிடுங்கள். நடும் விழாவுக்குப் பெயர் பொறித்த கல் வைக்கத் தெரிகிறதே.

கெருயிங் பாயாவுக்கு ஒரு தூரத்துச் சொந்தம் இன்னும் பேராக்கில் உயிரோடு இருக்கிறது. கெருயிங் பாடி, டிப்டெரோகார்ப்பஸ் செமிவெஸ்டிட்டஸ். தீபகற்பத்தில் அது நிற்பதாக அறியப்பட்ட இடம் ஸ்ரீ இஸ்கண்டாரில், மாரா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் பேராக் வளாகத்துக்குள் மிஞ்சியிருக்கும் ஒரு துண்டுச் சதுப்புக் காடு. மாணவர் விடுதி, கேண்டீன், விளையாட்டுத் திடல், நடுவில் உலகம் இழக்கப்போகிற ஒரு மரம். வரப்போகும் வெயிலையும் வெள்ளத்தையும் அது எப்படித் தாங்கும் என்பது அதன் பாடு. அதைப் பற்றி எனக்கு அவ்வளவு கவலையில்லை, நம்மைவிட அனுபவசாலி. வளாகத்துக்கு அடுத்து வரும் நிர்வாகம் எதுவாக இருந்தாலும் அதற்கு ஒரே ஒரு விண்ணப்பம்: கார் நிறுத்த இடம் போதவில்லை என்றால் திடலை எடுத்துக்கொள்ளுங்கள்.